காட்டுவதற்கு ஒரு கேன்

பட்டறை மேஸ்திரி இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றித் தூக்கியதும் நான் முதலில் மூக்கைத்தான் பொத்தினேன். பார்த்தது அப்புறம். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்ப்பவள் நான். ஆபரேஷன் அறை வாளியிலிருந்து பிரசவ வார்டு விரிப்பு வரைக்கும் இந்தக் கை படாத அசிங்கம் இல்லை. அங்கே ஒரு நாளும் எனக்குக் குமட்டியதில்லை. மனுஷ உடம்பு என்றால் அப்படித்தான், அதன்மேல் என்ன கோபம் என்று பினாயிலை ஊற்றித் தேய்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து நிம்மதியாகச் சாப்பிடுவேன். ஆனால் வாங்கிய ஈரம் காயாத எங்கள் லாரியின் இன்ஜினுக்குள் எட்டிப் பார்த்தபோது அடிவயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தது. உள்ளே இரும்பு என்று ஒன்று கண்ணிலேயே படவில்லை. கறுப்பாக, மேலே ஆடை கட்டி, ஓரங்களில் காய்ந்து பொருக்குத் தட்டி, நடுவில் மட்டும் கொழகொழவென்று ஏதோ நிறைந்து கிடந்தது. ஆடுகிற பாகங்கள் ஆடி ஆடித் தங்களுக்கு வேண்டிய இடத்தை மட்டும் அதில் குடைந்து வைத்திருந்தன. நாற்றமோ சொல்லி மாளாது. கருகலும் புளிப்பும் கலந்து, தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கிற நாற்றம்.

"என்ன மேஸ்திரி இது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"என்னன்னு கேட்டா? ஆயில்தான். ஒரு காலத்துல ஆயிலா இருந்துச்சு." மேஸ்திரி ஒரு திருப்புளியை அதில் குத்திக் கையை எடுத்தார். சாயாமல் நின்றது. "மாத்தாம மேல மேல ஊத்திக்கிட்டே வந்தா இப்படித்தான் இறுகும். இதுல எப்படி இத்தன நாளு ஓடுச்சுன்னு வண்டியத்தான் கேக்கணும்."

அவருடைய இன்னொரு கையில் பாதி கடித்த பன் இருந்தது. விரல் அழுத்திய இடமெல்லாம் பன்னில் கறுப்பு அச்சு. அந்த அச்சையும் சேர்த்துக் கடித்து, என்னைப் பார்த்துக்கொண்டே மென்றார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இந்த வண்டியை எங்களுக்கு யாரும் ஏமாற்றித் தலையில் கட்டவில்லை. நாங்களே தேடிப் போய்க் கேட்டு வாங்கியது. என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரே முதலாளியிடம் லாரி ஓட்டியவர். முதலாளிக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் யாரும் தொழிலுக்கு வரவில்லை. கடையை மூடுகிறேன், வண்டிகளை வெளியாளுக்குக் கொடுப்பதற்கு முன்னால் உங்களுக்கே தருகிறேன், யாருக்கு எது வேண்டுமோ சொல்லுங்கள் என்று டிரைவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். எல்லாரும் என்ன நினைப்போம்? இத்தனை வருஷம் தன் கையில் ஓடின வண்டியைத்தானே ஒருத்தன் எடுப்பான். அதன் நல்லது கெட்டது அவனுக்குத்தானே தெரியும். ஆனால் இவர், தான் ஓட்டிய வண்டியை வேண்டாமென்று விட்டுவிட்டு, பவுடர் என்கிற இன்னொரு டிரைவர் ஓட்டிய வண்டியைக் கேட்டார். அதைவிட வேடிக்கை, அதே நேரத்தில் பவுடர் வந்து இவர் ஓட்டிய வண்டியைக் கேட்டானாம். முதலாளி சிரித்துவிட்டு, பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்த மாதிரி இருக்கு என்று இரண்டு சாவியையும் மாற்றிக் கொடுத்தாராம்.

பவுடர் என்றால் அவனுடைய பெயர் இல்லை. விடியற்காலை லோடு ஏற்றப் போனாலும் முகத்துக்குப் பவுடர் போடாமல் வண்டியில் ஏறமாட்டான், அதனால் வந்த பட்டம். என் வீட்டுக்காரரைவிடச் சின்னவன். அவரை அண்ணே என்றும் என்னை அண்ணி என்றும்தான் கூப்பிடுவான். அவனுடைய வண்டிக்குள் ஏற வேண்டுமென்றால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்டியரிங்கைத் துடைக்க ஒரு துணி, கண்ணாடிக்கு ஒரு துணி, முகத்துக்கு ஒரு துணி. பார்த்துப் பார்த்து நான்கூட என் வீட்டுக்காரரிடம், அந்தத் தம்பியைப் பார்த்தாவது கற்றுக்கொள்ளக் கூடாதா என்று குத்திக் காட்டியிருக்கிறேன். அதனால் அவனுடைய வண்டியைக் கேட்டு வாங்கியதும் எனக்கு ஒரே பெருமை. உங்க வண்டிய ஏன் விட்டீங்க என்று கேட்டதற்கு, அந்த சீட்டுல உக்காந்தா இடுப்பு போகுது என்றார். சீட்டைத் தைத்து மாற்ற முடியாதா, அதற்காக வண்டியையே விடுவார்களா என்று எனக்குத் தோன்றியது உண்மைதான். ஆனால் சேர்த்து வைத்தது மொத்தமும் போட்டு வாங்கிய சந்தோஷத்தில், கேட்டு அவர் வாயைக் கிளறவில்லை.

நல்ல வேளையாக, முதல் லோடு ஏற்றுவதற்கு முன்பே ஆயில் விளக்கு மினுங்கத் தொடங்கியது. ஒன்றுமிருக்காது, ஒயர் லூசாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே மேஸ்திரியிடம் கொண்டுவந்தார். எனக்கு அன்று விடுமுறை. சொந்த வண்டியில் உட்கார்ந்து போகிற ஆசையில், நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு நானும் கிளம்பி வந்திருந்தேன்.

"புது ஆயில ஊத்தி ஓட்டிரலாமா மேஸ்திரி?" என்றேன் நான். தெரியாதவள் கேட்கிற கேள்விதான்.

"அய்யோ, அத மட்டும் செஞ்சிராதீங்க" என்றார். "பழசோட பழசா இருக்கிற வரைக்கும் இது அசையாது. புது ஆயில் பட்டுச்சுன்னா ஊறும், பேந்துக்கும். பேந்தது நேரா கீழ போயி சல்லடைய அடைக்கும். அடைச்சா மேல ஆயில் ஏறாது. சும்மா நிக்கும்போது தெரியாது. லோடோட ஏத்தத்துல இழுக்கும்போதுதான் காட்டும். இன்ஜின் அப்படியே பிடிச்சிரும். அப்புறம் பழைய இரும்புக் கடைதான்."

ஆயிலை வடிப்பதற்கென்று அடியில் இருக்கிற திருகாணியை அவர் கழற்றினார். எண்ணெய் கொட்டும், தள்ளி நில்லுங்கள் என்று என்னை எச்சரித்துவிட்டுத்தான் கழற்றினார். ஒன்றும் கொட்டவில்லை. ஓட்டை வழியாகக் கறுப்பாக ஒரு நாக்கு எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான். மேஸ்திரி கம்பியை விட்டுக் குடைந்த பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, கீழே வைத்திருந்த தட்டில் விழாமல் தொங்கி, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு வாயில் எச்சில் ஊறிவிட்டது. ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

கடைசியில் ஆயில் தேங்கி நிற்கிற அடித்தொட்டியையே இறக்க வேண்டியதாயிற்று. வழித்து எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை, ஆள் கூலி சேர்ந்தால் உங்களுக்குத்தான் நஷ்டம், நீங்களும் உட்காருங்கள் என்றார் மேஸ்திரி. என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு தகரத் துண்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். தேய்க்கிற வேலை என்றால் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் இது தேய்க்கிற அழுக்கில்லை. தகரத்தால் வழித்தால் தகரத்தோடு ஒட்டிக்கொண்டது, தகரத்தை விரலால் வழித்தால் விரலோடு. டீசலில் கையை முக்கினால் கொஞ்சம் இளகி, முழங்கை வரைக்கும் ஏறியது. நகக்கண்ணில் போனது போனதுதான். கட்டிகளுக்குள் மணல் மாதிரி ஏதோ நறநறவென்றது. நல்ல புடவை நாசமாய்ப் போயிற்று. அதைப் பற்றி நினைக்கக்கூட எனக்கு நேரமில்லை, அவ்வளவு அருவருப்பு.

"எப்படி நடிச்சிருக்கான் பாரு" என்றார் என் வீட்டுக்காரர். வழிக்கிற வேகத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. "மூஞ்சிக்குப் பவுடர், வண்டிக்குப் பவுடர். உள்ளுக்குள்ள இந்த லட்சணம். நம்ம வயித்துல அடிச்சிட்டான்."

நானும் சும்மா இருக்கவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டினேன். எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறானே, அண்ணி இன்னும் கொஞ்சம் போடுங்க என்று தட்டை நீட்டியிருக்கிறானே, அந்தக் கை இப்படிப்பட்ட கையா என்று ஆற்றாமையாக இருந்தது. செருப்பைக் கழற்றச் சொன்னவன். ஒரு தூசு விழுந்தால் ஊதுகிறவன். பார்க்கிற இடத்தை மட்டும் துடைக்கிறவர்களை ஆஸ்பத்திரியிலும் பார்த்திருக்கிறேன். பெரிய டாக்டர் வருகிற வழியைக் கண்ணாடி மாதிரி வைத்துவிட்டுக் கட்டிலுக்கடியில் எல்லாவற்றையும் தள்ளி வைப்பார்கள். அந்த மாதிரி ஆட்களோடு ஒரே வாளியில் தண்ணீர் மொள்ளக்கூட எனக்குப் பிடிக்காது.

"போன் போட்டு நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்த கேளுங்க" என்றேன்.

"கேக்கலாம், கேக்கலாம்."

"இப்பவே கேளுங்க."

"கை எப்படி இருக்கு பாரு. அப்புறம் கேட்டுக்கலாம்."

வண்டிக்கடியில் படுத்திருந்த மேஸ்திரி சிரித்தார். முகம் தெரியவில்லை, சிரிப்பு மட்டும் வந்தது. "அந்தப் பையன மட்டும் எதுக்கும்மா திட்டுறீங்க? உங்க முதலாளி வண்டி எத தொறந்தாலும் உள்ள இதுதான் இருக்கும். ஆயில் மாத்தச் சொல்லி அவரு புது ஆயில் கேன் குடுப்பாரு. இவனுங்க அதுல கொஞ்சம் மேல ஊத்திட்டு, மிச்சத்த முக்குக் கடையில வித்துருவானுங்க. வடிச்ச பழைய ஆயில் எங்கன்னு முதலாளி கேப்பாரு இல்ல? அதுக்குன்னே ஷெட்டுக்குப் பின்னால ஒரு கேன் வச்சிருந்தானுங்க. காட்டுறதுக்கு. யாரு மாத்தினாலும் அதே கேன்தான், அதே ஆயில்தான். அவரும் அதையே வருஷக்கணக்கா எட்டிப் பாத்து, ஆமா ரொம்பக் கறுத்துதான் போச்சுன்னு தலையாட்டிக்கிட்டிருந்தாரு. நம்ம அண்ணனுக்குத் தெரியாதா என்ன, கேளுங்க."

அண்ணன் வழித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. ஏற்கெனவே வழித்து முடித்த இடத்தையே மறுபடி வழித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு உடனே அவருடைய துணிதான் ஞாபகம் வந்தது. டிரைவர் துணி துவைத்தவளுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். கிரீஸ் ஒரு சோப்புக்குப் போகும், டீசல் வெந்நீருக்குப் போகும், பழைய ஆயில் மட்டும் எதற்கும் போகாது. ஆயில் மாற்றுகிற நாள் என்று காலையிலேயே சொல்லிவிட்டுத்தான் போவார். சாயங்காலம் வந்து நிற்பார், போட்டுப் போன சட்டை போட்டபடியே இருக்கும். நகத்தில்கூட ஒரு பொட்டுக் கறுப்பு இருக்காது. கையில் எனக்கும் பிள்ளைக்கும் ஏதாவது பொட்டலம். நான் என்ன செய்தேன்? எவ்வளவு சுத்தமா வேல செய்றாரு பாருங்க என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன். அந்தச் சுத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன், சே.

"உங்க வண்டியில என்ன இருக்கு?" என்றேன்.

"எது?"

"நீங்க ஓட்டின வண்டி. இப்ப அந்தத் தம்பி வாங்கியிருக்காரே, அது."

மேஸ்திரி கீழே சத்தத்தை நிறுத்திவிட்டார். அவருக்கு வாய் சும்மா இருக்காதே தவிர, எப்போது மூட வேண்டும் என்று தெரியும்.

"இடுப்பு வலின்னீங்க."

"ஊரே செஞ்சதுதான்" என்றார் தட்டைப் பார்த்துக்கொண்டு. "அவரு குடுத்த சம்பளத்துக்கு வேற எப்படி? எல்லாரும் செஞ்சோம். அவன் ஒருத்தன் செய்யமாட்டான்னு நெனச்சேன். அவன் அந்தக் கேனத் தொட்டு நான் பாத்ததே இல்ல."

"நீங்க தொட்டு அவரு பாத்திருப்பாரா?"

பார்த்திருக்க மாட்டான். பார்த்திருந்தால் வாங்கியிருக்க மாட்டான். சாவி கைமாறிய அன்று எங்கள் வாசலில் வந்து நின்று, அண்ணன் ஓட்டின வண்டின்னா கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம் அண்ணி என்று சொன்னவன். அப்போது இவரும் பக்கத்தில்தான் நின்றார். சிரித்துக்கொண்டு அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார். எப்படித் தட்ட மனசு வந்தது? நம் தலையில் கட்டிவிட்டான் என்று இவ்வளவு நேரம் திட்டினாரே, அந்த வாய் எந்த வாய்? எனக்கு இப்போது தட்டிலிருந்த அசிங்கம் ஒன்றும் செய்யவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த மனுஷனின் குனிந்த முதுகும், காதுமடலும், வழித்து வழித்து ஆடுகிற தோள்பட்டையும்தான் குமட்ட வைத்தன. அடுத்த நிமிஷமே அந்தப் பொட்டலங்களைப் பிரித்துத் தின்றவளும் நான்தானே என்று தோன்றியதும், என் வாயையே கழுவ வேண்டும் போலிருந்தது.

"போன் போட்டுச் சொல்லுங்க" என்றேன்.

"என்னன்னு சொல்ல? அவன் மூஞ்சியில அப்புறம் எப்படி முழிக்கிறது? இப்ப ஒண்ணும் ஆயிராது. பழசோட பழசா ஓடும். மெதுவா ஒரு நாள் சொல்லிக்கலாம். புது ஆயில் ஊத்தாம இருந்தா சரி."

"ஊத்துவாரு. சொந்த வண்டியாச்சே."

அவர் வழிப்பதை நிறுத்தினார். அந்த யோசனை அவருக்கு அதுவரைக்கும் வரவே இல்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. முதலாளி வண்டிக்குச் செய்யாததைத் தன் வண்டிக்குச் செய்வான் என்று இன்னொரு டிரைவருக்கு ஏன் தோன்றாது என்று தெரியவில்லை. எனக்குத் தோன்றியது. நான் எழுந்து கையைப் புடவையிலேயே துடைத்தேன். இனி அந்தப் புடவையை வைத்துக்கொண்டு என்ன செய்வது. பவுடருடைய மனைவியின் நம்பரைத்தான் போட்டேன். வேண்டாம், இரு என்றார் அவர். நான் காதில் வாங்கவில்லை.

மணி அடித்ததும் எடுத்துவிட்டாள். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ விடியற்காலை எங்கள் தெருமுனையில் நின்று உறுமிய சத்தம். இழுத்து இழுத்து, கீழ் கியரில் எங்கேயோ ஏறிக்கொண்டிருந்தது.

"அக்கா, உங்களத்தான் நெனச்சுக்கிட்டே வர்றோம். மொத லோடுக்கா. சிமெண்ட். நானும் கூட வர்றேன்னு அடம்புடிச்சு ஏறிட்டேன். மலை பாதி ஏறியாச்சு. என்னா காத்து தெரியுமா?"

"வண்டி எப்படிம்மா இருக்கு?"

"சத்தமே இல்லக்கா. இவரு காலையில எழுந்ததும் தானே கீழ படுத்துப் புது ஆயில் மாத்தினாரு. பழசு வரவே மாட்டேன்னுச்சாம், கொஞ்சந்தான் வடிஞ்சுச்சாம், அண்ணன் என்ன பசையா ஊத்தி வச்சிருந்தாருன்னு சிரிச்சாரு. போயிட்டு வந்து பாத்துக்கலாம்னு கெளம்பிட்டோம். அண்ணன் இருக்காரா? இவரு பேசணுங்கறாரு."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். எல்லாம் அவருக்குக் கேட்டிருந்தது. இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார், முழங்கைவரை கறுப்பாக இருக்கிறது, போனைத் தொட முடியாது என்கிற மாதிரி. அவ்வளவு கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்திருக்கும், வேறு நாளாக இருந்தால். கிட்டே போய் அவர் பின்னந்தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் போனை அவர் காதில் அழுத்தினேன். ஆஸ்பத்திரியில் மருந்து குடிக்கமாட்டேன் என்கிற ஆட்களை நர்ஸ்கள் பிடிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"அண்ணே" என்றது பவுடரின் குரல். எனக்கும் தெளிவாகக் கேட்டது. "உங்க வண்டி பஞ்சா ஏறுதுண்ணே. நீங்க எப்படி இருக்கீங்க? வண்டி ஒண்ணும் தொந்தரவு குடுக்கலையே?"

அந்தக் கடைசிக் கேள்வியில் குரல் கொஞ்சம் இறங்கியது. என் வீட்டுக்காரரின் வாய் திறந்து மூடியது. மறுபடி திறந்தது.

"சொல்லுங்க" என்றேன்.

"தம்பி" என்றார். "ஓரங்கட்டு."

"என்னண்ணே?"

"வண்டிய ஓரங்கட்டி அணைச்சிரு. மேல ஏறாத. உள்ள பூரா கட்டியா இருக்கு. புது ஆயில் ஊத்தினா பேந்துக்கும். நான் மாத்தினதே இல்லடா. ஒரு தடவகூட மாத்தினதில்ல."

அந்தப் பக்கம் இன்ஜின் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. அதே இழுப்பு, அதே கியர். என்னங்க, அண்ணன் என்ன சொல்றாரு என்று அவள் கேட்பது தூரத்தில் கேட்டது. பிறகு சத்தம் ஒருமுறை கனத்து, நடுங்கி, நின்றுபோனது. அவன் அணைத்தானா, அதுவாக நின்றதா என்று எனக்குத் தெரியவில்லை. காற்று போனில் மோதுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"அண்ணே" என்றான் கடைசியில். பிள்ளைக் குரலாக இருந்தது. "நீங்க நான் ஓட்டின வண்டியத் தொறந்துட்டீங்களா?"

நான் போனை என் வீட்டுக்காரரின் காதிலிருந்து எடுக்கவில்லை. தூக்கிய கை தூக்கியபடியே இருக்க, அவர் முழங்கையில் ஒரு கறுப்புக் கட்டி கொஞ்சம் கொஞ்சமாகத் திரண்டு கீழே இறங்கியது. விழுந்துவிடும் என்று காலை நகர்த்திக்கொண்டேன். விழவில்லை. அப்படியே நீண்டு, அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.